நகர்ந்து உட்காருதல்

எபோ பள்ளிக்குப் போன முதல் நாள்
மொரேயில் ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை.
செவ்வாய்க்கிழமை. வலைகள் காய்கிற நாள்.
அவன் பிறந்ததும் ஒரு செவ்வாயில்தான்,
பேரே அதைத்தான் சொல்கிறது.

மஞ்சள் சட்டை, பழுப்புக் கால்சட்டை.
இரண்டு வருஷமாவது தாங்கட்டும் என்று
கூட விட்டுத் தைத்தது,
முட்டிக்குக் கீழே தொங்கியது.
தலையில் கை வைத்து ஜெபித்தேன்.
நீளமாகத்தான். வாசலில் நின்ற யோஃபி
இரண்டு தரம் தொண்டையைச் செருமினார்.
கர்த்தாவே, இவனுக்குக் கணக்கு வராவிட்டாலும் பரவாயில்லை
(அது பொய். கணக்கும் வரணும்.
மீன்காரிக்குப் பிறந்தவன்)
இரக்கமுள்ள நெஞ்சை மட்டும் கொடும்.

மத்தியானம் மண்ணடுப்புகளுக்கு நடுவில் நின்றிருந்தேன்,
தட்டுத் தட்டாக மத்தி புகையில்,
கண்ணெல்லாம் நீர்.
வந்தான். கெங்கே உருண்டையின் சருகைப் பிரித்தான்.
வாய் நிறைய வைத்துக்கொண்டு சொன்னான்:
அக்யெரே வகுப்பிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள்.
பெஞ்சு மேலேயே ஓடி வந்தது.
எல்லாரும் நகர்ந்துவிட்டோம்.

நீயுமா?

நானுந்தான்.
நான்தான் முதல்ல.

தட்டைக் கீழே வைத்தேன்.
புகைக்கு வெளியே அவனை இழுத்து வந்து
ஊருக்கே கேட்கிற குரலில் கேட்டேன்:
அப்படி நகரச் சொல்லி
உனக்கு எவர் கற்றுக் கொடுத்தது?

யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்.
நான் கேட்டதைக் கேள்வி என்று நம்பிவிட்டான்.
மிளகாய்ச் சாந்தை விரலால் வழித்தபடி
பதில் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் சொன்னான்:
கோயில்லம்மா.
மன்சா அத்தை வந்து உக்காந்தா நீ நகருவியே.
நடுவுல வேதப்புத்தகத்த வைப்பியே.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மன்சா எனக்கு
மேலே பளபளப்பும் அடியில் அழுகலுமாக
ஒரு தொட்டி மீன் விற்றாள்.
சண்டை போடவில்லை. பெரிய மனசு என்று
என்னை நானே மெச்சிக்கொண்டேன்.
அந்தக் கடனைப் பெஞ்சில்தான்
வசூலித்து வந்திருக்கிறேன்,
ஞாயிறுக்கு ஒரு முழம்.
பிள்ளை அளந்து வைத்திருக்கிறான்.

அன்றைக்கு ராத்திரி ஜெபம் குட்டையாக முடிந்தது.
யோஃபி கண்ணைத் திறந்து
என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஞாயிறு. மூன்றாம் வரிசை.
மன்சா வந்தாள், நீலத் துணி, கஞ்சி மொடமொடக்க.
நான் நகரவில்லை.
புத்தகத்தை மடியில் இறுக்கிக்கொண்டேன்.
மனசு உருகும் என்று பார்த்தேன்,
ஒன்றும் உருகவில்லை,
அந்த அழுகல் வாடைதான் மூக்கில் வந்து நின்றது.
அவள் என்னைப் பார்த்தாள். மடியைப் பார்த்தாள்.
பிறகு தன் கைப்பையை எடுத்து
எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

எபோ பையைப் பார்த்தான்.
என் முகத்தைப் பார்த்தான்.
பாட்டுக்கு எழுந்தபோது நான் பாடவில்லை,
சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

காணிக்கைக்கு வரிசை வரிசையாக
கைக்குட்டை வீசி ஆடிக்கொண்டு போனார்கள்.
மன்சாவும் எழுந்து போனாள்,
காசை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு.
பை அங்கேயே இருந்தது,
வாய் சரியாக மூடாமல்,
என் பக்கத்தில்.
அவள் திரும்பி வருகிறவரை
நான் எழுந்திருக்கவே இல்லை.

அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.
இனிமேல் பேசுவோமா, தெரியாது.

புதன்கிழமை சாயங்காலம் துணி துவைத்தேன்.
பழுப்புக் கால்சட்டையில்
இடது தொடைப் பக்கம் மட்டும்
காய்ந்துபோன ஒரு திட்டு.
மோந்து பார்த்தேன்.
எங்கள் வீட்டுப் புகை வாடையையும் தாண்டி
அது வந்தது.

இவனுடையதா, பக்கத்தில் இருந்தவளுடையதா.
பின்கட்டில் அவன் ஆட்டுக்குட்டியோடு
எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.
கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

இன்னொரு தரம் சோப்புப் போட்டேன்.